அறை மூன்று: பார்வையிடப்படவில்லை

இதனால் சகல மானிடருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: பிரெஞ்சுக் குடியரசின் எல்லைக்குள், அதிலும் குறிப்பாகப் பாரிஸ் மாநகரத்துக்குள், தான் கால் நூற்றாண்டு சமைத்து, உறங்கி, சண்டை பிடித்து, சமாதானமான வீட்டை எவனாவது விற்க முனைந்தால், அந்த வீட்டைப் பற்றி அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பது குடியரசின் உறுதியான நம்பிக்கை. பெயின்றில் ஈயம் உண்டா, குழாயில் கல்நார் உண்டா, மரத்தில் கறையான் உண்டா, மின்கம்பி ஆளைக் கொல்லுமா, காஸ் அதற்கு முந்திக்கொள்ளுமா, குளிர் எந்த எழுத்துத் தரத்தில் உள்ளே வருகிறது, எல்லாம் சேர்ந்து எத்தனை சதுர மீற்றர் என்பதையெல்லாம் பரீட்சையில் தேறிய ஒருவர் வந்து பார்த்து, அளந்து, முத்திரை குத்தித் தர வேண்டும். அது வராமல், விற்பனைப் பத்திரம் எழுதுகிற நொத்தேர் பேனை மூடியைக்கூடக் கழற்றமாட்டார்.

அரியரத்தினத்தின் வீட்டுக்கு வந்த அறிக்கை நாற்பத்திரண்டு பக்கம். ஈயம் இல்லை என்று ஒன்பது பக்கத்தில் சொல்லியிருந்தார்கள். முப்பத்தேழாம் பக்கத்தில் அறைகளின் பட்டியல். நடைவழி, குசினி, குளியலறை, அறை ஒன்று, அறை இரண்டு. அதற்குக் கீழே, அதே அச்சில், அதே அடக்கத்தோடு இன்னொரு வரி இருந்தது.

அறை மூன்று: பார்வையிடப்படவில்லை. காரணம்: உள்ளே ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டில் இருப்பது இரண்டு அறை.

அரியரத்தினம் முதலில் தன் பிரெஞ்சைத்தான் சந்தேகித்தார். கார் து லெஸ்த் ரயில் நிலையத்துப் பக்கத்து உணவகமொன்றில் இருபத்து மூன்று வருடம் சமைத்தவர். வெங்காயம், கெதியா, மடையா என்ற மூன்று சொற்களுக்கு வெளியே உள்ள பிரெஞ்சில் அவருக்கு அவ்வளவு பிடிமானம் இல்லை. விரலை வைத்து நாலு தரம் வாசித்தார். நாலு தரமும் அந்த ஆள் உறங்கிக்கொண்டேயிருந்தான்.

அளக்க வந்த பொடியன் யோனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

“முசியே யோன், என் வீட்டில் இரண்டு அறைதான்.”

“மூன்று, முசியே. நடைவழி முடிகிற இடத்தில், நேரே. கதவு கொஞ்சம் நீக்கலாக இருந்தது. தட்டினேன். பிறகு எட்டிப் பார்த்தேன். நிலத்தில் மெத்தை போட்டு உங்கள் ஆள் படுத்திருந்தார், முதுகு என் பக்கம். இரவு வேலை செய்கிறவராக்கும் என்று எழுப்பவில்லை. சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை பாவம். நல்ல ஈரச் சப்பாத்து.”

அரியரத்தினத்தின் வாயிலிருந்து முதலில் வந்த பதில் அவருக்கே விசராகப் பட்டது.

“எங்கள் வீட்டுக்குள் சப்பாத்தோடு ஒருவரும் வருவதில்லை.”

“அதுதான் நானும் யோசித்தேன்,” என்றான் யோன் மரியாதையாக. “என்னை வாசலில் கழற்றச் சொன்னீர்களே.”

அதற்குப் பிறகு நொத்தேர் அலுவலகத்திலிருந்து ஆன்-சோஃபி கூப்பிட்டாள். அவளுடைய குரல் எப்போதும் இப்போதுதான் பல் விளக்கிய மாதிரி இருக்கும். டிசம்பர் இருபதாம் தேதி கையெழுத்து. வாங்குகிறவர்கள் வெறும் வீடாகத்தான் வாங்குகிறார்கள். அறிக்கையில் ஆள் இருக்கிறது. ஆள் இருக்கிற வீடு வேறு வகை விற்பனை, வேறு படிவம், வேறு வருடம்.

“உறங்குகிறவரை எழுப்பி அனுப்பிவிடுங்கள், முசியே. இல்லாவிட்டால் இருபதாம் தேதி இல்லை. ஆர்ஜொந்தெய் வீடும் இல்லை. அவர்கள் ஜனவரி வரை காத்திருக்கமாட்டார்கள்.”

இதை விற்ற காசில் வாங்கவிருந்த ஆர்ஜொந்தெய் வீடு நிலமட்ட வீடு. அரியரத்தினத்தின் வாழ்க்கையில் மிஞ்சியிருந்த ஒரே இலட்சியம் அதுதான். மனைவி ஜெகதீஸ்வரிக்கு இரண்டு முழங்காலும் ஒப்பரேசன். லிப்ற் இல்லாத நாலாம் மாடிக்கு இனி அவள் ஏற முடியாது. செப்டெம்பரிலிருந்து எபினேயில் தம்பி பிருந்தாபன் வீட்டு வரவேற்பறைச் சோபாவில் கிடக்கிறாள். தம்பி மனைவி தினமும் அந்தச் சோபாவைச் சுற்றித் தூசி தட்டுவதில் ஒரு செய்தி இருந்தது. இங்கே லா ஷப்பலில் இவர் தனியே.

“மூண்டாவது அறையோ?” ஜெகதீஸ்வரி தொலைபேசியில் சிரித்தாள். “அப்ப அதை எனக்கேன் இவ்வளவு காலமும் ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்? உள்ளுக்கை ஆரை வைச்சிருக்கிறியள்?”

“பகிடி விடாதை. அந்தப் பொடியன் கண்ணாலை கண்டவனாம்.”

“வந்த புதுசிலை பத்துப் பேர் கிடந்தமே, காலுக்கு மேலை கால். அண்டைக்கு எங்கை போனது உங்கடை மூண்டாவது அறை? அந்தப் பொடியன் குடிச்சிட்டு வந்திருப்பான். வேறை ஆளைப் பிடிச்சு அளப்பியுங்கோ. எனக்கு இந்தச் சோபாவிலை பொங்கல்வரைக்கும் கிடக்க ஏலாது, சொல்லிப்போட்டன்.”

டிசம்பரில் இந்த ஊர்ச் சூரியன் அரசாங்க உத்தியோகத்தர் மாதிரி. எட்டரை மணிக்கு மேல் வந்து ஐந்து மணிக்கு முன் போய்விடும். அன்றும் போய்விட்டது. அரியரத்தினம் நடைவழி விளக்கைப் போட்டுக்கொண்டு, அது முடிகிற இடத்தைப் பார்த்தபடி நின்றார். நேரே சுவர். சுவரோடு சப்பாத்துத் தட்டு, மேலே கடைக்காரர் தந்த அம்மன் கலண்டர். சுவருக்கு அப்பால் ஒன்றும் கிடையாது. முற்றத்தில் இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும்: யன்னலே இல்லாத மொட்டைச் சுவர், புறா எச்சம், அதற்கு அப்பால் வெறும் காற்று, காற்றுக்குக் கீழே கார் து நோர் தண்டவாளங்கள்.

கீழே கடைத்தெருவிலிருந்து ரோல்ஸ் பொரிக்கிற எண்ணெய் மணமும், சாம்பிராணியும், நனைந்த மரக்கறிப் பெட்டிகளின் அழுகல் நெடியும் வழக்கம்போல நாலு மாடி ஏறி, கதவிடுக்கால் நுழைந்து, நடைவழியின் பாதிவரை வந்து அங்கேயே நின்றுவிட்டதை அவர் அன்றைக்குத்தான் கவனித்தார். பாதிக்கு அப்பால் வேறு ஒரு வாசம், ஈரக் கம்பளியும் டீசலும் இரும்பும் கலந்த, நெடுநேரம் வெளியே நின்றுவிட்டு வந்த ஒரு உடம்பின் வாசம், சுவரிலிருந்து மெல்ல மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. சப்பாத்துத் தட்டை நகர்த்தினார். காதைச் சுவரில் வைத்தார். சுவர் ஐஸ் மாதிரி. ரயில் ஒன்று போனது, கட்டடம் வழக்கம்போல நடுங்கியது, அலுமாரிக்குள் பீங்கான் கிலுகிலுத்தது, எல்லாம் அடங்கியது. அடங்கிய பிறகு அடங்காத ஒன்று மிச்சமிருந்தது. மூச்சு. தடிமன் பிடித்த ஒருவனின், மூக்கடைத்த, நிதானமான மூச்சு.

அவர் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

அதுவும் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது ஆளாகச் சுப்ராயன் வந்தார். புதுச்சேரிக்காரர், அப்பா காலத்திலிருந்து பிரெஞ்சுக் குடிமகன். அந்தத் தகவல் அவருடைய அறிமுக அட்டையில் மட்டும்தான் இல்லை, மற்றப்படி முதல் ஐந்து நிமிடத்திலேயே கிடைத்துவிட்டது. கழுத்துப்பட்டி. தோல் பெட்டி. சப்பாத்தைக் கழற்றச் சொன்னபோது, கழற்றாமல் அதற்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டார். அறுவைச் சிகிச்சைக்கு வந்த வைத்தியரைப் போல நடைவழியில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

“இங்க பாருங்க முசியே அரியரத்தினம். சிலோன்காரங்க எல்லாத்துலயும் ஒரு கதை வச்சிருப்பீங்க. நமக்குக் கதை வேணாம். நான் பதினெட்டு வருஷமா இதே தொழில். மினிஸ்தேர் வரைக்கும் என் பேரு தெரியும். அளவு எடுக்கணும், எழுதணும், போய்க்கிட்டே இருக்கணும். அளவு பொய் சொல்லாது.”

“இந்தச் சுவரைத்தான் பாக்கவேணும், ஐயா.”

“சுவத்துல என்ன பாக்கறது? சுவரு சுவருதான்.”

அரியரத்தினம் நாடாவால் முன்பே அளந்திருந்தார்: கதவிலிருந்து நடைவழி முடிவுவரை மூன்று மீற்றர் இருபது. சுப்ராயன் நாடாவை ஒரு பழைய பாவத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, பெட்டிக்குள்ளிருந்து கையடக்கமான லேசர் கருவியை எடுத்தார். வாசலில் நின்று நேரே பிடித்தார். சப்பாத்துத் தட்டுக்கு மேல், வெள்ளைச் சுவரில், சிவப்புப் புள்ளி விழுந்தது.

ஐந்து மீற்றர் எண்பத்துநாலு.

“பாத்தரி வீக்கு,” என்றார் சுப்ராயன். பாத்தரி மாற்றினார். ஐந்து எண்பத்துநாலு.

“கண்ணாடி ஏதாச்சும் இருந்தா அப்படிக் காட்டும்.”

“கண்ணாடி இல்லை, ஐயா.”

“இருக்கும்,” என்றார் சுப்ராயன் அதிகாரத்தோடு.

அப்போது எண் மாறியது. அவர் பொத்தானை அழுத்தவில்லை. கையும் ஆடவில்லை, மினிஸ்தேர் வரைக்கும் தெரிந்த கை அது. ஐந்து அறுபது. சற்று நின்றது. ஐந்து முப்பத்தொன்று. சுவர் இருந்த இடத்தில் இருந்தது, புள்ளி இருந்த இடத்தில் இருந்தது, எண் மட்டும் குறைந்துகொண்டு வந்தது, இடையிடையே நின்று நின்று, இருட்டில் வழி தெரியாத ஒருவர் காலால் தடவித் தடவி அடியெடுத்து வைப்பதுபோல. நாலு எழுபது. நாலு பூச்சியம் இரண்டு.

மூன்று இருபது.

“பாத்தீங்களா,” என்றார் சுப்ராயன். குரல் தேய்ந்திருந்தது. “இப்ப சரி.”

இரண்டு எழுபத்தைந்து.

சிவப்புப் புள்ளி இப்போது சுவரில் இல்லை. சுவருக்கு முன்னால், காற்றில், ஏதோவொன்றின் மேல் விழுந்து நெளிந்துகொண்டிருந்தது. துணியில் விழும் வெளிச்சம் அப்படித்தான் நெளியும். மடிப்பு மடிப்பாக. ஏறி இறங்கி. மூச்சோடு.

ஒன்று தொண்ணூறு.

சுப்ராயன் கருவியை அணைத்தார். பெட்டியை மூடவில்லை, அணைத்துப் பிடித்துக்கொண்டார். “நான் ஒண்ணும் பாக்கல, முசியே. நீங்களும் ஒண்ணும் பாக்கல,” என்று சொல்லிவிட்டு, நாலு மாடியையும் நீலப் பிளாஸ்டிக் உறையோடேயே இறங்கினார். உறையின் சரசரப்பு முற்றம்வரை கேட்டது.

ஆனால் தொழில் தொழில்தான். இரண்டு நாளில் அவருடைய அறிக்கை தபாலில் வந்தது. அழகான கட்டு, ஐம்பத்தொரு பக்கம்.

அறை மூன்று: பார்வையிடப்படவில்லை. காரணம்: உள்ளே இருந்தவர் விழித்திருந்தார்.

அன்று பின்னேரம் அரியரத்தினம் எபினேக்குத் தொலைபேசி எடுத்தார். மேல்கோட்டைக் கழற்றாமல், முதுகைக் குசினிச் சுவரோடு ஒட்டி, நடைவழியைப் பார்த்தபடி.

“நீ வந்த கிழமை ஞாபகமிருக்கோ? தொண்ணூற்றொண்டு. தை மாசம்.”

“ஏன் இல்லை? குளிர் எண்டால் குளிர். குழாய்த் தண்ணி உறைஞ்சு போச்சு. சீலையைத் தொங்கவிட்டு மற்றப் பக்கத்திலை உங்கடை பெடியள் எட்டுப் பேர். வெக்கத்திலை நான் இருமக்கூட இல்லை.”

“செபமாலை எண்டு ஒருத்தன்.”

“இளவாலைச் செபமாலை அண்ணையோ? உங்களோடை படிச்சவர். அவர் வழியிலை துலைஞ்சு போனார், பிரான்ஸுக்கு வந்து சேரவே இல்லை எண்டுதானே சொன்னனீங்கள்?”

அரியரத்தினத்தின் கண் நடைவழி முடிகிற சுவரில் நின்றது.

“இஞ்சாருங்கோ. வரேல்லை எண்டுதானே சொன்னனீங்கள்?”

வந்தவன். நேரே இந்தக் கட்டட வாசலுக்கே வந்தவன். அவன் கையில் அரியரத்தினம் எழுதிக் கொடுத்த கடதாசி இருந்தது. அந்த நாளில் எல்லாரும் எல்லாருக்கும் எழுதிக் கொடுத்த கடதாசிதான்: ‘இன்னார் என் வீட்டில், என்னோடு வசிக்கிறார் என்று இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.’ அகதி விண்ணப்பத்துக்கு முகவரி வேண்டும். ஆள் வந்த பிறகு எழுதினால் தாமதமாகும் என்று, ஆள் இன்னும் ஏதோவொரு நாட்டுக் காட்டுக்குள் நடந்துகொண்டிருக்கும்போதே, அவன் இங்கே வசிப்பதாக எழுதி, ஒப்பமிட்டு, மின்சார பில்லின் பிரதியும் வைத்து அனுப்பிவிடுவார்கள். லா ஷப்பலில் அந்தக் காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் கடதாசியின்படி ஒரு பட்டாளமே குடியிருந்தது.

அன்றைக்கு வாசல் மணி அடித்தது. இன்ரர்போனில் அவன் குரல், பல் கிடுகிடுக்க. “அரி, நான்தான்ரா. கீழை நிக்கிறன். கதவைத் திற.” உள்ளே எட்டுப் பேர். சீலைக்கு அப்பால் மூன்று நாள் முன் வந்திறங்கிய புதுப்பெண்டாட்டி. அரியரத்தினம் குரலைத் தாழ்த்தி, “இண்டைக்கு இடமில்லையடா, நாளைக்கு வா, பாப்பம்” என்றார். கீழே கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, “ஓம், சரி” என்றான். அவ்வளவுதான். வாக்குவாதப்பட்டிருந்தால்கூட மறந்திருக்கலாம்.

நாலாம் நாள் பொலிஸ் வந்தது. தண்டவாளக் கரையில், பழைய பொதிப் பெட்டிகளுக்குப் பின்னால், விறைத்துப்போன ஒரு ஆள். பையில் இந்த முகவரி. “இவர் இங்கேயா வசித்தார்?” இல்லை என்றால் கடதாசி பொய். கடதாசி பொய் என்றால் மற்ற எட்டுப் பேருடைய கடதாசியும் பொய். அரியரத்தினம் கதவைப் பாதி சாத்திப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “ஆம். இவர் இங்கேதான் வசிக்கிறார்.” பொலிஸ்காரர் எழுதிக்கொண்டார்.

“என்னப்பா, கேக்குதே?” என்றாள் ஜெகதீஸ்வரி, எபினேயிலிருந்து.

“ஒண்டுமில்லை. பிறகு எடுக்கிறன்.”

படித்த மனிதர் ஒருவர் இந்தக் கட்டத்தில் கோயிலுக்கோ பாதிரியாரிடமோ போயிருப்பார். கடதாசியால் வந்ததைக் கடதாசியால்தான் தீர்க்கலாம் என்று நினைக்க ஒரு அசல் பாரிஸ் தமிழனால்தான் முடியும். மறுநாள் காலை ஒரு அலுவலகத்துக்குப் போய், இலக்கம் எடுத்து, இரண்டு மணிநேரம் இருந்து, ஏழாம் கவுண்டரில் ஜிஸ்லேன் என்ற அம்மையார் முன் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. கெட்ட மனுஷி அல்ல, அதுதான் பயங்கரம்.

“என்னோடு ஒருவர் வசிப்பதாக எழுதிக் கொடுத்தேன், மதாம். அவர் வசிக்கவில்லை என்று எழுத வேண்டும்.”

“வெளியேறிவிட்டாரா? புதிய முகவரி?”

“இல்லை. இறந்துவிட்டார்.”

“மரணச் சான்றிதழ்?”

“இல்லை.”

“எடுக்கலாம். நீங்கள் உறவினரா?”

“கூடப் படித்தவன்.”

“அது உறவு அல்ல, முசியே.” பரிவோடு சொன்னாள். “அவர் உங்களோடு வசிப்பதாக எழுத்தில் கொடுத்தீர்கள். பொலிசுக்கும் சொன்னீர்கள்?”

“சொன்னேன்.”

“மாற்றிச் சொன்னீர்களா?”

“இல்லை.”

“அப்படியானால் வசிக்கிறார்.” படிவம் ஒன்றைக் கீழிருந்து எடுத்து நீட்டினாள். “இதை நிரப்பி அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். ‘நான் இந்த வீட்டை விட்டு வெளியேறுகிறேன்.’ ஒரு வரிதான். ஆள் கையெழுத்து வைத்தால் வேலை முடிந்தது.”

அரியரத்தினம் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நன்றி சொன்னார். தெருவுக்கு வந்த பிறகுதான், அந்த யோசனை தனக்கு நியாயமாகப் பட்டது என்பது அவருக்கு உறைத்தது.

பதினேழாம் தேதி யோன் மறுபடி வந்தான். ஆன்-சோஃபி கடைசித் தவணை கொடுத்திருந்தாள்: அன்று பின்னேரத்துக்குள் சரியான அறிக்கை. யோன் வாசலில் ஒழுங்காகச் சப்பாத்தைக் கழற்றினான். நேரம் நாலே முக்கால். யன்னல்கள் நீலமாகி, கறுத்துக்கொண்டிருந்தன.

“மின்சாரத்தை ஒருதரம் நிறுத்திப் பார்க்கவேண்டும், முசியே. இரண்டு நிமிடம். பயப்படாதீர்கள்.”

டக்.

குளிர்பெட்டியின் முனகல் நின்றது. குசினிக் கடிகாரத்தின் பச்சை எழுத்து அணைந்தது. அரியரத்தினம் மேல்கோட்டோடு நடைவழியில் நின்றார், ஒரு கையில் படிவம், மறு கையில் பேனை. அந்த வாசம் இப்போது நடைவழி முழுவதும் இருந்தது, கழுத்தில், கண்ணிமையில், நாக்கில், தொடக்கூடிய வாசம். கையை நீட்டினார். சப்பாத்துத் தட்டு கையில் தட்டுப்படவில்லை. கலண்டரும் இல்லை. விரல் தொட்டது மரம். மரத்தில் பிடி.

கதவு நீக்கலாக இருந்தது.

இரண்டு நிமிடம். ஒரு கையெழுத்து. ஜெகதீஸ்வரியின் முழங்கால். அவர் குனிந்தார், குனியாமல் நுழைய முடியவில்லை.

உள்ளே தாழ்வு. கூரை பிடரியில் உரசியது. குளிர், வெளிக்குளிர், மேலே வானமிருக்கிற குளிர். காலடியில் மெத்தையின் ஓரம். மெத்தையில் உட்கார்ந்திருந்த முதுகு.

“செபமாலை.”

முதுகு அசையவில்லை.

“செபமாலை, நான் அரி. இதிலை ஒரு கையெழுத்து. வேறையொண்டும் வேண்டாம்.”

என்ன சொல்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது. இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அவனிடம் சொல்ல அவரிடம் இருந்தது அதுதான். மன்னிப்பு என்ற சொல் தொண்டைவரை வந்தது. படிவத்தில் அதற்குக் கோடு இல்லை.

கை ஒன்று பின்னால் நீண்டது. முகம் திரும்பாமல். விரல்கள் விறைத்து, ஒன்றோடொன்று ஒட்டி. பேனையை வாங்கியது. கடதாசியை வாங்கியது.

கீறும் சத்தம். மெதுவாக. ஒவ்வொரு எழுத்தாக.

பிறகு அவன் எழும்பினான். கூரை அவனுக்கு இடிக்கவில்லை. அரியரத்தினத்தின் தோளைத் தொட்டு, சந்தைக்குள் வழி கேட்கிறவன்போல மெல்ல ஒதுக்கி, அவரைக் கடந்து போனான். போகும்போது அவருடைய மேல்கோட்டை அவர் தோளிலிருந்து உரித்துக்கொண்டான். அவர் கை தானாகவே கோட்டுக்கையிலிருந்து கழன்று கொடுத்தது. கதவு நீக்கல் மெலிந்தது. கோடாயிற்று.

இல்லையாயிற்று.

டக். எங்கோ வெளிச்சம் வந்தது. இங்கே வரவில்லை. குளிர்பெட்டி முனகத் தொடங்கியது, சுவருக்கு அந்தப் பக்கம்.

“எல்லாம் ஒழுங்கு, முசியே,” யோனின் குரல். “அன்றைக்கு இங்கே உறங்கியவர்?”

“போய்விட்டார்,” என்றது இன்னொரு குரல், அரியரத்தினத்தின் குசினிப் பிரெஞ்சில்.

“அப்படியானால் இந்தக் கதவு?”

“சாமான் வைக்கிற இடம்.”

அரியரத்தினம் கத்தினார். மூக்கடைத்த மூச்சுத்தான் வந்தது. நிமிரப் பார்த்தார். கூரை விடவில்லை. சுவரைக் கையால் அடித்தார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, சத்தம் எழவில்லை. கதவு ஒரு விரற்கடை திறந்தது. யோனின் கண். அந்தக் கண் அவரைப் பார்த்தது, அவருக்கு அப்பால் பார்த்தது. சிவப்புப் புள்ளி உள்ளே வந்து, தரையிலிருந்து ஏறி, அவருடைய நெஞ்சைக் கடந்து, கூரையில் நின்றது.

“ஒரு மீற்றர் நாற்பது,” என்றான் யோன். “ஒன்று எண்பதுக்குக் கீழே உயரமுள்ள இடம் சட்டப்படி பரப்பில் சேராது, முசியே. இதை எழுதவே தேவையில்லை.”

கதவு மூடியது.

தொலைபேசி அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம், குசினியில், ஒலிபெருக்கியில்.

“என்னப்பா, முடிஞ்சுதோ?”

“ஓம். எல்லாம் முடிஞ்சுது.”

“அப்பாடா. உங்கடை குரல் என்ன ஒரு மாதிரிக் கிடக்கு, தடிமனோ?”

“ஓம். வெளியிலை கனநேரம் நிண்டிட்டன்.”

“சுடுதண்ணி குடியுங்கோ. கெதியா வந்திடுங்கோ, என்ன.”

“வாறன்,” என்றது குரல், அன்பாக.

விளக்கு அணைக்கும் சத்தம். வாசல் பூட்டுகிற சத்தம். படிகளில் இறங்கும் சப்பாத்து, ஈரச் சப்பாத்து, நாலாம் மாடி, மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி. ரயில் ஒன்று போனது. மெத்தை இன்னும் அவனுடைய உடம்பின் பள்ளத்தோடு, குளிர்ந்து, காத்திருந்தது. அரியரத்தினம் கழுத்தை வளைத்துக்கொண்டு, நிற்கவும் முடியாமல், அதில் படுக்கவும் மாட்டாமல், இருட்டில் அந்தப் பள்ளத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

இருபதாம் தேதி காலை பத்தரைக்கு வீடு விற்கப்பட்டது.